ஸ்பினோஸாவை மட்டும் தெரிந்தவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த இலக்கியச் சந்திப்பொன்றில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஓர் இளம் கவிஞர் பேசினார். நல்ல பேச்சுத்தான். சோக்கிரட்டீசில் தொடங்கி, மன்சூர் ஹல்லாஜைத் தொட்டு, ஸ்பினோஸாவில் வந்து நின்றார். 1656 ஜூலை 27ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் நகரின் யூத சமூகம் இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவனைச் சபித்து விலக்கிய கதையை உருக்கமாகச் சொன்னார். சபை கைதட்டியது. அதன் பின் அவர் சொன்ன ஒரு வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது. "அந்தச் சமூகம் உலகத்துக்குத் தந்தது ஒரேயொரு ஸ்பினோஸாவை. மற்றதெல்லாம் விதிமுறைப் புத்தகங்களும் வணக்கக் கைந்நூல்களும்தான்."

நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பிழை என்று வீடு வரும் வழியெல்லாம் மனம் உறுத்தியது. இருபது வருடங்களாகக் கிராமத்துப் பாடசாலையில் அரிச்சுவடி கற்பித்து வருபவன் நான். கைந்நூல், பாடநூல் என்று இலக்கியக்காரர் உதட்டைச் சுழிக்கும் இடத்தில்தான் என் பிழைப்பு நடக்கிறது. ஆகவே என் பதிலில் தொழில் அபிமானமும் கலந்திருக்கும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இன்னொரு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டும். யூதரைப் பற்றி எழுத இவருக்கு வேறு வேலையில்லையா என்று சிலர் கேட்பார்கள். 1492 என்ற ஆண்டை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? அவ்வாண்டு ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அந்துலூஸின் கடைசி முஸ்லிம் அரசு முடிந்தது. அதே அரசனும் அதே அரசியும் மார்ச் முடிவில் இன்னொரு கட்டளை பிறப்பித்தார்கள். ஞானஸ்நானம் பெறாத யூதர் எவரும் ஜூலை முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அந்தக் கட்டளை. முதல் பாதியை நாம் அழுதுகொண்டு வாசிக்கிறோம். அடுத்த பாதியை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். இன்றைய அரசியல் கோபத்தை ஐந்நூறு வருடத்துக்கு முந்திய அகதியின் தலையில் ஏற்றுவது நீதியும் ஆகாது, வரலாறும் ஆகாது.

வெளியேறியவர்களில் பலர் பக்கத்தில் இருந்த போர்த்துக்கலுக்குள் போனார்கள். ஐந்து வருடம்தான். 1497இல் அந்த நாட்டரசன் மனுவேல் அவர்களை வெளியேறவும் விடாமல் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்வித்தான். அன்றிலிருந்து அவர்களுக்குப் பெயர் 'புதுக் கிறிஸ்தவர்'. 1536இல் அங்கும் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியதற்கும், சனிக்கிழமை சுத்தமான துணி உடுத்தியதற்கும், பன்றியிறைச்சியைத் தவிர்த்ததற்கும் சிறையும் சித்திரவதையும் கிடைத்தன. சிலருக்குத் தீயும் கிடைத்தது.

இப்படி மூன்று, நான்கு தலைமுறை போனால் ஒரு மார்க்கத்தில் என்ன மிஞ்சும்? புத்தகம் இல்லை. பள்ளி இல்லை. ஹீப்ரு எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லை. தாயிடமிருந்து மகளுக்குக் காதோடு காதாக வந்த ஓரிரண்டு நோன்புகளும், சில பிரார்த்தனைத் துண்டுகளும்தான் எச்சம். தன் இனத்தை மறைத்து அரண்மனையில் வாழ்ந்த எஸ்தர் அரசியின் நோன்பை அவர்கள் விசேடமாகப் பிடித்தார்கள் என்பதில் வியப்பில்லை. இதைவிட ஒரு விசித்திரமும் உண்டு. யூத வழக்கங்கள் இவையிவை, இவற்றைச் செய்பவரைக் காட்டிக் கொடுங்கள் என்று விசாரணை மன்றம் ஊரூராகப் பிரகடனம் வாசித்தது. அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் தங்கள் மார்க்கத்தில் இன்னின்ன உண்டு என்று சில குடும்பங்கள் தெரிந்துகொண்டன. எரிக்க வந்தவனின் அறிவித்தலே எஞ்சியவனின் பாடநூல் ஆயிற்று.

இந்த மக்கள்தான் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் சிறுகச் சிறுகத் தப்பி ஃபெராரா, வெனிஸ், சலோனிக்கா, ஹம்பர்க், ஆம்ஸ்டர்டாம் என்று போய்ச் சேர்ந்தார்கள். போனவர்களில் வைத்தியர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார், கப்பல் வணிகர் இருந்தார். கொயிம்ப்ரா, சலமன்கா சர்வகலாசாலைகளில் இலத்தீனில் படித்தவர்களும் இருந்தார்கள். நாற்பது வயதில் கத்னா செய்துகொண்டு, புதுப்பெயர் வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

இந்த இடத்தில்தான் என் நண்பர் பழித்த 'விதிமுறைப் புத்தகங்கள்' வருகின்றன. அவற்றில் சிலவற்றையாவது பெயர் சொல்லிப் பார்ப்போம்.

இத்தாலியின் ஃபெராராவில் 1552இல் ஸ்பானிய மொழியில் ஒரு பிரார்த்தனை நூலும், 1553இல் முழு ஹீப்ரு வேதமும் அச்சாயின. அச்சிட்டவர்கள் யோம் தோப் அத்தியாஸ், அப்ரஹாம் உஸ்கே என்ற இருவர். இருவரும் தப்பி வந்தவர்கள். தவ்ராத் என்று நாமும் தோரா என்று அவர்களும் சொல்லும் வேதம், யூதர்களுக்காக, ஸ்பானிய மொழியில், இலத்தீன் எழுத்தில் முழுமையாக அச்சேறியது அப்போதுதான். சில பிரதிகள் ஃபெராராவின் கோமகன் இரண்டாம் எர்கோலேக்குக் காணிக்கை. அவற்றில் அச்சிட்டவர்களின் கிறிஸ்தவப் பெயர்கள் இருக்கின்றன. வேறு சில பிரதிகள் தப்பி வந்தவர்களுக்கெல்லாம் தாயாக இருந்த செல்வச் சீமாட்டி கிரேசியா நாசிக்குக் காணிக்கை. அவற்றில் யூதப் பெயர்கள். ஏசாயா தீர்க்கதரிசியின் புகழ்பெற்ற வசனமொன்றில் சில பிரதிகள் 'கன்னி' என்கின்றன. சில 'இளம்பெண்' என்கின்றன. சில அந்த ஹீப்ருச் சொல்லையே அப்படியே விட்டுவிடுகின்றன. போதாதற்கு, விசாரணை மன்றம் பார்வையிட்ட நூல் என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. ஒரே புத்தகத்துக்கு இத்தனை முகம் வைத்தவர்களின் பயத்தையும் சாதுரியத்தையும் எண்ணிப் பாருங்கள். அதே 1553 செப்டெம்பரில் ரோமாபுரியின் சந்தைத் திடலில் தல்மூத் பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன. ஒரு நகரில் தீ, இன்னொரு நகரில் அச்சு.

அந்த மொழிபெயர்ப்பின் நடையை அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லுக்குச் சொல், ஹீப்ரு வாக்கியம் போகும் ஒழுங்கிலேயே ஸ்பானியச் சொற்களை நிறுத்தியிருக்கிறார்கள். இலக்கியக்காரர் சிரிப்பார். ஆனால் வகுப்பில் நின்றவனுக்கு அதன் சூட்சுமம் விளங்கும். ஒரு கையில் மூலத்தையும் மறுகையில் இதையும் வைத்துக்கொண்டு, இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று விரல் வைத்துப் படிக்கிறவனுக்கு அது ஏணி. ஏணிக்கு வர்ணம் போதாது என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்து சட்டநூல்கள். ஸ்பெயினில் பிறந்து சிறுபிள்ளையாகவே அகதியான யோசேப் காரோ தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் ஆருக் 1565இல் வெனிசில் அச்சானது. மூன்றே வருடங்களில், 1568இல், உஸ்மானியரின் சலோனிக்காவில் அதன் சுருக்கம் ஸ்பானிய மொழியில் ஹீப்ரு எழுத்தோடு வந்துவிட்டது. புதிதாக வருபவனுக்கு அந்த எழுத்தும் தெரியாதே என்று உணர்ந்து, மோசே அல்த்தாராஸ் அதை இலத்தீன் எழுத்துக்கு மாற்றி 1609இல் வெனிசில் வெளியிட்டார். 1627இல் வெனிசில் இசாக் அத்தியாஸ் ஸ்பானிய மொழியிலும், ஆம்ஸ்டர்டாமில் அப்ரஹாம் ஃபரார் போர்த்துக்கேய மொழியிலும், அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகளையும் விளக்கி நூல் செய்தார்கள். ஒரே ஆண்டில், ஒரே தேவைக்கு, இரு நகரங்களில் இரண்டு நூல்கள்!

அதே காலத்தில்தான் மெனாசே பென் இஸ்ரயேல் ஆம்ஸ்டர்டாமில் ஹீப்ரு அச்சகம் நிறுவினார். அவருடைய தகப்பனார் லிஸ்பனில் விசாரணை மன்றத்தின் சித்திரவதைக்கு ஆளானவர். மகனுக்கு முதலில் இட்ட பெயர் மனுவேல் என்ற கிறிஸ்தவப் பெயர். அந்த மகனின் அச்சகத்திலிருந்து 1627இன் முதல் நாளில் வெளிவந்தது ஒரு பிரார்த்தனை நூல். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்த ரப்பி 1645இல் உட்கார்ந்து போர்த்துக்கேய மொழியில் எழுதியது என்ன? வணக்கம், ஓய்வு நாள், பெருநாள், உணவு, நோன்பு என்று அன்றாடக் கடமைகளைச் சொல்லும் 'தெசோரோ தோஸ் தினிம்', அதாவது சட்டங்களின் பொக்கிஷம். 1647இல் குடும்ப வாழ்வுக்கான பகுதியையும் சேர்த்தார். பேரறிஞர்களுடன் இலத்தீனில் கடிதத் தொடர்பு வைத்திருந்த மனிதர், கை கழுவும் முறை சொல்லும் நூலை எழுதுவதைத் தகுதிக் குறைவாக நினைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி?

இந்த மொழியையும் கவனிக்க வேண்டும். ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் அவர்களை எரித்தவர்களின் மொழிகள். விசாரணைத் தீர்ப்புகள் அந்த மொழிகளில்தான் வாசிக்கப்பட்டன. ஆயினும் தாலாட்டும் அந்த மொழிகளில்தான். மார்க்கத்தைப் புனித மொழியில் மட்டுமே சொல்வோம், தெரியாதவன் தெரிந்துகொண்டு வரட்டும் என்று அந்த ரப்பிமார் கதவை மூடவில்லை. முதலில் விளங்கும் மொழியில் சொன்னார்கள். கூடவே புனித மொழியையும் கற்பித்தார்கள்.

அதற்கு அவர்களுடைய பள்ளிக்கூடமே சாட்சி. 1639இல் ஆம்ஸ்டர்டாமின் மூன்று யூத சபைகள் ஒன்றாயின. அவர்களின் தல்மூத் தோரா பள்ளியை ப்ராக் நகரிலிருந்து வந்த ஷப்பெத்தாய் பாஸ் பார்த்து, 1680இல் அச்சான தன் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர். ஒன்றில் எழுத்தும் பிரார்த்தனையும், அடுத்ததில் இராகத்தோடு வேதம் ஓதல், அதற்கடுத்ததில் வேதத்தை ஸ்பானிய மொழியில் பெயர்த்துச் சொல்லல். இப்படிப் படிப்படியாகத் தல்மூத் வரை ஏறிப் போகும். காலை எட்டு முதல் பதினொன்று, பின்னேரம் இரண்டு முதல் ஐந்து. ஆசிரியர் சம்பளம் சமூகப் பணத்திலிருந்து. ஏழைப் பிள்ளை என்று எவரும் வெளியே நிற்கவில்லை. 1616இல் தோன்றிய அவர்களின் எட்ஸ் ஹயிம் நூலகம் இன்றும் இருக்கிறது. இதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இப்போது நம்மவர் பக்கம் வருவோம். ஸ்பெயினில் கட்டாய ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களை மொரிஸ்கோக்கள் என்றார்கள். அவர்களும் அரபு மொழியை இழந்தார்கள். ஆனால் எழுத்தை விடவில்லை. ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்குப் பெயர் அல்ஹமியாதோ. 'அஜமிய்யா' என்ற அரபுச் சொல்லின் ஸ்பானிய உருவம். அரபுத் தமிழ்க் கிதாபு ஓதிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்கும் முன்பே, 1462இல், செகோவியாவின் ஈஸா இப்னு ஜாபிர் இஸ்லாமியச் சட்டச் சுருக்கமொன்றை ஸ்பானிய மொழியில் எழுதினார். தன் மக்கள் அரபை இழந்துவிட்டார்கள், விளங்கும் மொழியில் சொல்வது கடமை என்பது அவர் சொன்ன நியாயம். 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். தூனிஸில் கரையேறியவர்களில் பலருக்கு அரபு தெரியவில்லை. அவர்களுக்காக அங்கே ஸ்பானிய மொழியிலேயே மார்க்க நூல்கள் எழுதப்பட்டன.

அதே தேவை, அதே பதில். ஒரேயொரு வித்தியாசம்: அவை கையெழுத்துப் பிரதிகளாகவே நின்றன. 1884இல் அரகோன் பகுதியின் அல்மொனாசித் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது பொய்த்தளத்தின் அடியில் அத்தகைய பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. ஸ்பெயினுக்குள் ஒளித்து வாழ்ந்தவர் அச்சடிக்க முடியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆட்சி நடந்த நகரங்களில் என்ன தடை? ஸ்பெயினிலிருந்து வந்த யூத அகதிகள் 1493இலேயே இஸ்தான்புல்லில் ஹீப்ரு அச்சகம் வைத்தார்கள். அதே நகரில் முஸ்லிம்களுக்கான நூல்களை அச்சிட இப்ராஹிம் முத்தஃபர்ரிக்கா அனுமதி பெற்றது 1727இல். முதல் நூல் வந்தது 1729இல். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பக்கத்துத் தெருவில் அச்சு இயந்திரம் ஓடிய சத்தம் நம் காதில் விழவில்லை. கைந்நூலை இளக்காரமாகப் பார்ப்பவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இனி நண்பருடைய பக்கத்தில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். அது சிறிய நியாயமல்ல.

போர்த்தோவில் பிறந்த உரியேல் த கொஸ்தா கொயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் படித்தவர். வேதத்தைத் தானாக வாசித்து, மூதாதையர் மார்க்கத்துக்குத் திரும்ப முடிவு செய்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் வேதத்தில் அவர் வாசித்த மார்க்கம் ஒன்று, ரப்பிமார் கற்பித்தது இன்னொன்று போலத் தோன்றியது. கேள்வி கேட்டார். 1624இல் போர்த்துக்கேய மொழியில் அச்சிட்டார். புத்தகத்தை எரித்தார்கள். தீயிலிருந்து தப்பி வந்தவர்களே தீ மூட்டிய கதை இது; இதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. அவர் 1640இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் நூலின் பிரதியொன்று 1990இல்தான் கொப்பன்ஹேகனில் கண்டெடுக்கப்பட்டது. 1658இல் வைத்தியர் ஹுவான் தெ பிராதோவும் விலக்கப்பட்டார். அந்த விலக்கின் பெயர் 'ஹேரெம்'. நம்முடைய ஹராம் என்ற சொல்லின் உறவுச் சொல்.

பிராதோவுக்கு எதிராக எழுதிய ஒரோபியோ தெ காஸ்த்ரோவும் வைத்தியர்தான். அவரும் விசாரணை மன்றத்தின் வதையை அனுபவித்தவர். திரும்பி வருபவர்களை அவர் இரு வகையாகப் பிரித்தார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு பணிவோடு கற்பவர் ஒரு வகை. சர்வகலாசாலையில் தர்க்கமும் தத்துவமும் படித்துவிட்டோம், இனிக் கற்க என்ன இருக்கிறது என்று செருக்கோடு வருபவர் மறு வகை. பிரிப்பு கூர்மையானது. ஆனால் ஆசிரியன் என்ற வகையில் எனக்கு அதில் திருப்தியில்லை.

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில் முதியோர் எழுத்தறிவு வகுப்பொன்றுக்கு என்னை அனுப்பினார்கள். ஐம்பது கடந்த மீன் வியாபாரி ஒருவர் கொப்பியைச் சாரன் மடியில் ஒளித்துக்கொண்டு வருவார். "பேரப்பிள்ளை கண்டா சிரிக்கும் சேர்" என்பார். ஒருநாள் அவர் கேட்ட கேள்விக்கு, அது அடுத்த பாடம் என்று நான் வெட்டிப் பேசிவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. அவர் கேட்டது செருக்கு என்று அன்று நினைத்தேன். வெட்கத்தை மறைக்க வளர்ந்த மனிதன் கேள்வியைத்தான் கேடயமாகப் பிடிப்பான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரோபியோ சொன்ன இரண்டு வகையும் பல வேளைகளில் ஒரே மனிதனின் இரண்டு நாட்கள்தான்.

ஆகவே த கொஸ்தாவை விலக்கியதும் ஸ்பினோஸாவைச் சபித்ததும் பாடநூலின் குற்றமா? பாடநூலை முற்றுப்புள்ளியாக்கிய நிர்வாகத்தின் குற்றம் அது. அந்த நிர்வாகத்துக்கும் ஒரு பயம் இருந்தது. அந்நிய நகரில் ஒண்டி வாழ்பவர்கள், வீட்டுச் சண்டை வீதிக்கு வந்தால் இருக்கிற இடமும் போய்விடும் என்று நடுங்கியவர்கள். பயம் காரணத்தைச் சொல்லும், நியாயத்தைத் தராது. கேள்விக்கு இடம் வைக்காத கைந்நூல் பாதிக் கைந்நூல்தான் என்று நண்பர் சொன்னால் நான் முதல் ஆளாகக் கைதூக்குவேன். ஆனால் கைந்நூலே வேண்டாம், கலகம் மட்டும் போதும் என்றால், ஐயா, அந்தக் கலகக்காரன் எந்த வகுப்பில் எழுத்துப் படித்தான் என்று கேட்பேன்.

ஸ்பினோஸா அந்த ஊர்ப் பள்ளியின் பிள்ளை. அவருடைய தகப்பனார் சமூக நிர்வாகத்தில் இருந்தவர். வேதத்தை ஆராய அவருக்கு வேண்டிய ஹீப்ருவை அந்தச் சமூகம்தான் ஊட்டியது. நண்பர் சொல்ல மறந்த இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்பினோஸா 1677இல் இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற எழுத்துகளில் ஒன்று, ஹீப்ரு மொழிக்கான ஓர் இலக்கண நூல். எழுத்து இது, உயிர்க்குறி இது, பெயர்ச்சொல் இப்படி, வினைச்சொல் அப்படி என்று கற்பவருக்குப் படிப்படியாகச் சொல்லும் நூல். அவ்வருடமே அவருடைய மற்ற நூல்களோடு சேர்த்து நண்பர்கள் அதை அச்சிட்டார்கள்.

நீங்கள் கைதட்டிய அந்த ஸ்பினோஸாவின் மேசையிலும் கடைசியில் ஒரு பாடநூல்தான் கிடந்தது. அடுத்த சந்திப்பில் இதையும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள். பின்வரிசையில் இருந்து நான் கைதட்டுவேன்.